மண்ணுக்குள் போன லைப்ரரி

மாலதி டீச்சர் இறந்த சேதி வந்தபோது நான் களத்தில் ராகி காயவைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, டீச்சரம்மா போய்ட்டாங்களாம்" என்று மருமகள் கத்தினாள். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்கத் தோன்றியது. அரூர் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மயங்கிச் சாய்ந்தாராம். தருமபுரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

கல்லூரியில் அவருக்கு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் என்னையும் கேட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

டீச்சர் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர். கணவர் இறந்த பிறகு அம்மாவோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். ஒருநாள் மோர் கொடுக்கப் போனேன். லேப்டாப் முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"என்னங்க இது, அம்மை போட்ட மாதிரி?"

"லைப்ரரி காணோம்னு கத்துது பெரியப்பா. நான் எழுதினது சரிதான். ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷைல எல்லாத்தையும் நாமளே எழுத மாட்டோம். கல்யாணத்துக்கு அண்டா எரவல் வாங்கற மாதிரி, முன்னாடியே எழுதி வெச்சத எடுத்துக்குவோம். அதுக்குப் பேருதான் லைப்ரரி. அது எந்த எடத்துல இருக்குன்னு இதுக்குக் காட்டணும்."

எதையோ தட்டினார். சிவப்பெல்லாம் மறைந்தது. "அம்மை எறங்கிடுச்சு" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

எங்கள் ஊரில் நெட் ஊர்ந்துதான் வரும். அதனால் எல்லா லைப்ரரிகளையும் லேப்டாப்பில் ஒரே இடத்தில் போட்டுவைத்து, எந்த வேலை செய்தாலும் அந்த இடத்தையே காட்டிவிடுவார். கூட வேலை பார்க்கும் ரேவதி டீச்சர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது இதைச் சொல்லிச் சண்டை போட்டார். "மேடம், லைப்ரரியெல்லாம் புராஜெக்ட் உள்ளயே வெச்சிடுங்க. வேற மெஷின்ல தொறந்தா ஒண்ணும் ஓடாது."

"முடியட்டும் ரேவதி. கடைசில எல்லாத்தையும் சேத்து வெச்சுக்கலாம்."

அந்தக் கடைசி வேலை எங்களுக்காகத்தான். சித்தேரி மலையில் சாமை விளைவிக்கிறவர்களிலும் கீழே ராகி போடுகிறவர்களிலும் என்னைப் போல் படிக்காதவர்கள் அதிகம். யாருக்கு என்ன தானியம் வேண்டும் என்பதைப் போனிலேயே வாய்விட்டுப் படித்துச் சொல்லும் நெட் பக்கம் ஒன்றைக் கட்டினார். நாங்களும் பேசியே பதில் சொல்லலாம். வியாபாரி சொன்னதே சேதி என்று இருந்த எங்களுக்கு அது கண் கிடைத்த மாதிரி. படித்துச் சொல்லும் பகுதிக்கு வேண்டிய லைப்ரரி எங்கும் சரியாகக் கிடைக்கவில்லையாம். நம் பக்கத்துப் பேச்சு வராதாம். அதை அவரே எழுதி, மற்ற லைப்ரரிகளோடு அதே இடத்தில் போட்டுவைத்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து நான் கேட்டேன். நன்றாகவே பேசியது. ஊருக்குத் தருவதற்குள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் பிரியமாக வைத்திருந்த பொருளைக் குழியில் வைப்பது வழக்கம். என் தகப்பனாருக்கு வெற்றிலைப் பை வைத்தோம். டீச்சரின் அம்மா லேப்டாப்பைப் பையோடு கொண்டுவந்து மகளின் பக்கத்தில் வைத்தார். "இது இல்லாம எம்பொண்ணு ஒருநாளும் இருந்ததில்ல" என்றார். எல்லோரும் மண் தள்ளினோம்.

காரியம் முடிந்த பிறகு ரேவதி டீச்சர் வந்தார். டீச்சர் நெட்டில் போட்டுவைத்திருந்த புராஜெக்ட் கிடைத்துவிட்டதாம். இரவல் லைப்ரரிகளையும் தேடிப் பிடித்துவிட்டாராம். அவர் கொண்டுவந்த லேப்டாப்பில் ஒரே ஒரு சிவப்பு நின்றது.

"இது மேடமே எழுதினது. அவங்க லேப்டாப்ல மட்டுந்தான் இருக்கும். அத குடுங்க, எடுத்துக்கறேன்."

நான்தான் இடுகாட்டுப் பக்கம் கை காட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி எறங்காம இருந்தா இன்னமும் எடுத்துடலாங்க. நனைஞ்சா போச்சு. அம்மாகிட்ட நீங்க கேளுங்க, நான் எப்படிக் கேக்கறது?" என்றார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கேட்டேன். சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணா, எங்கையால அள்ளிப் போட்ட மண்ணு. அத மறுபடியும் தோண்டி எம்பொண்ணு மூஞ்சிய என்னப் பாக்கச் சொல்றீங்களா?"

வெளியே வந்து, நடக்காது என்று கை விரித்தேன். ரேவதி டீச்சர் அழுதபடியே பஸ் ஏறினார்.

சாயங்காலம் தூறல் ஆரம்பித்தது. அந்த அம்மாள் என் களத்துக்கு வந்து ராகி மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்தார்.

"என்னம்மா பண்ற? ராகி நனையுது."

"நனைஞ்சா போச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே ணா."

தார்ப்பாயை விட்டுக்கொடுத்தேன். இருவருமாக மண்மேட்டின் மேல் விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். பக்கத்து மண்ணிலிருந்து தண்ணீர் அடியில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

போய் வாருங்கள், டீச்சரம்மா.