எழுதாமல் விட்ட வரி

எங்கள் துறைமுக அலுவலகத்துக்கும் மூதூரில் இருந்த மீன் குளிரறைக்கும் இடையில் புதிய ஃபைபர் இணைப்புப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. இந்தப் பக்க ரவுட்டரில், அதாவது தரவுக்கு வழிகாட்டும் பெட்டியில், நான். அந்தப் பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், ஒப்பந்த வேலைக்காரர்; நானா என்றுதான் கூப்பிடுவேன்.

பழையது சீரியல் இணைப்பு. அதில் ரவுட்டர் எதிரே ஒருவர்தான் இருக்கிறார் என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வகைக்குப் பெயர் பொயின்ட் டு பொயின்ட். புதியது ஈதர்நெட். அதில் ஒன்றும் சொல்லாவிட்டால், பலர் கூடியிருக்கும் இடம் என்று நினைத்து புரோட்காஸ்ட் வகையை எடுத்துவிடும்.

நானா தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, நான் பொயின்ட் டு பொயின்ட் எண்டு ஒரு வரி அடிச்சிட்டன். உங்கட பக்கமும் அடியுங்கோ."

"எனக்குத் தெரியும் நானா."

"உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? மறக்காம அடியுங்கோ எண்டுதான் சொல்றன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போரில் சம்பூரை விட்டு ஓடி, முகாம் கொட்டிலில் எழுத்துப் பழகி, எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து முடித்தவள் நான். எந்த இணைப்புக்கு எந்த வகை என்பது எனக்கு மனப்பாடம். இன்னொருவர் சொல்லி அடிப்பதா? தேவைப்பட்டால் பார்ப்போம் என்று அடிக்காமல் விட்டேன்.

திரையில் 'ஃபுல்' என்று வந்தது. இரண்டு ரவுட்டரும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன என்று பொருள். இரு பக்கமும் அந்தச் சொல்லைச் சொன்னால் வேலை முடிந்தது என்பது எங்கள் அலுவலக வழக்கம்.

"ஃபுல்" என்றேன்.

"இங்கயும் ஃபுல். நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போறன்."

பழைய இணைப்பைக் கழற்றினேன். இரு பக்க வகையும் பொருந்தாவிட்டால் 'ஃபுல்' வந்தாலும், தரவு போகவேண்டிய வழிகள் ரவுட்டரின் அட்டவணையில் ஏறாது; ஒன்றும் போய்ச் சேராது. அந்த அட்டவணையை நான் திறந்தே பார்க்கவில்லை.

சனிக்கிழமை குளிரறை இயந்திரம் நின்றது. அந்த இணைப்பு வழியாக வரவேண்டிய எச்சரிக்கை எங்களுக்கு வந்து சேரவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்களாம். ஈச்சிலம்பற்று ஆட்கள் அங்கே வைத்திருந்த மீன் முழுவதும் அழுகிப் போய்விட்டது.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இரண்டு ரவுட்டரின் அமைப்பையும் அச்செடுத்து மேசையில் வைத்தார்.

"தானா இருந்ததை மாத்தினது ஆர்?"

"நான்தான் சேர்" என்றார் நானா.

பிறகு நானா என்னைப் பார்த்தார். என்னையும் அடிக்கச் சொன்னதை அவர் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். அந்த மாதம்தான் என் நிரந்தர நியமனம் வர இருந்தது. அவருடைய தவறாகக் காட்ட, தாளில் ஒரு வரி இருந்தது. என் பக்கத்தில் எழுதாமல் விட்ட வரியை யார் கண்டார்? நான் கதிரையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அவருடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள். சாவிகளைத் தந்துவிட்டு வாசலில் நின்று, "இப்பவாவது அந்த வரியை அடியுங்கோ தங்கச்சி. மீன் வைக்கிற சனம் பாவம்" என்றார்.

அடித்தேன். வழிகள் ஒவ்வொன்றாக அட்டவணையில் ஏறின. மேலாளர் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"கெட்டிக்காரி. அஞ்சு நிமிசத்தில சரிப்பண்ணிட்டீங்கள்."

"நன்றி சேர்" என்றேன்.