இரண்டு ஸ்பூன் சர்க்கரை

இங்கிலாந்தில், எங்கள் யார்க் ஸ்டேஷனில் கிளிஃபர்ட் ஆக்ராய்ட் விசில் ஊதினால், வளைந்த கூரையில் தூங்கும் புறாக்களெல்லாம் அடித்துப் பிடித்து எழுந்து பறக்கும். வண்டிகளை வழியனுப்புவது அவர் வேலை. அதே வாயால் ஒரு பெண்மணியிடம் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்குப் பல வருஷம் பிடித்தது. டிக்கெட் கேட்டில் நிற்கும் எனக்கு அதைப் பார்த்துப் பார்த்தே எரிச்சல்.

அந்தப் பெண்மணி, பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் டொரீன். கணவரை இழந்தவர். கிளிஃபர்ட் வேலையில் சேர்ந்த அன்று, கேட்காமலேயே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நீட்டினார்.

"நல்லாருக்கா கண்ணு?"

"ரொம்ப நல்லாருக்குங்க."

டீயில் சர்க்கரை கிளிஃபர்டுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் சொன்னதை மாற்றினால் டொரீனின் மனம் புண்படாதா? எங்கள் ஊர்ப் புத்தி அப்படி. காலை மிதித்தவனிடம் மிதிபட்டவனே மன்னிப்புக் கேட்பான்.

இந்த வசந்தத்தில் டாக்டர் சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். கிளிஃபர்ட் என்ன செய்தார் தெரியுமா? டொரீன் அந்தப் பக்கம் திரும்பியதும், கடையோரப் பூந்தொட்டியில் டீயை ஊற்றினார். அதுவும் டொரீன் வளர்த்த செடிதான்.

"சொல்லித் தொலையேன்யா!" என்றேன்.

"வருத்தப்படுவாங்கப்பா. அவங்ககிட்ட இன்னொரு விஷயம் வேற கேக்கணும்."

"என்ன விஷயம்?"

அவருக்குக் காது வரை சிவந்தது. "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தில்ல?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சர்க்கரை வேண்டாமென்று சொல்ல வாயில்லாத மனுஷன், கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பார்?

செடி கருகியது. டொரீன் அதற்கு மாய்ந்து மாய்ந்து உரம் போட்டார். ஒரு வியாழக்கிழமை அவர் சட்டென்று திரும்ப, கிளிஃபர்ட் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"என் டீயவா கொட்டுறீங்க?" டொரீனின் குரல் உடைந்தது. "இத்தன வருஷமும் இப்படித்தானா?"

"ஐயோ, இல்லீங்க. குடிச்சேன். இப்பதான் டாக்டர் சர்க்கரை கூடாதுன்னு... மன்னிச்சுக்கங்க..."

டொரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடுத்தவங்க வாங்க."

வரிசையில் நின்றவர்கள் நல்லபடி வளர்ந்தவர்கள். எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஒரு வண்டி, விசிலுக்காகக் காத்து நின்றது. கிளிஃபர்ட் நகரவில்லை.

"டொரீன், எனக்கு சர்க்கரைதான் வேண்டாம். நீங்க வேணும்."

வரிசையின் முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும். நான் வேணா கொஞ்சம் அப்பால நிக்கட்டுமா?"

டொரீன் சர்க்கரை போடாமல் ஒரு டீ ஊற்றிக் கிளிஃபர்ட் முன்னால் வைத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

"அரை ஸ்பூன் மட்டும்... பழகிப்போச்சுங்க."

"ஒரு துளி கிடையாது," என்றார் டொரீன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒருத்தர மண்ணுல வெச்சாச்சு. உங்கள அவ்வளவு சீக்கிரம் விடறதா இல்ல. போங்க, வண்டி நிக்குது."