பூதத்துக்கு இங்கிலீஷ் தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் குசினி வாசலில் நின்று இங்கிலீஷ் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் சோதனை. எதிர்ச்சொல் லிஸ்ட்டை என் கையில் திணித்து, "கேளுங்கப்பா" என்றாள்.

"புரொஃபிட்?"

"லொஸ்!"

"ஃபுல்?"

"எம்ப்டி!"

பக்கத்தில் அரிசிச் சாக்கு இருந்தது. என்னை அறியாமலே, "மெதுவாச் சொல்லு மகள்" என்றுவிட்டேன்.

"ஏனப்பா, பிழையா?"

பிழையே இல்லை. நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் நெல்லுக்கும் அரிசிக்கும் பக்கத்தில் அந்தச் சொல்லை யாராவது உரக்கச் சொன்னால் எனக்கு இன்னமும் நெஞ்சு பக்கென்கிறது. இத்தனை வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் பேசுகிற பேச்சா இது? சிரிக்காமல் கேளுங்கள்...

எனக்கும் ஒரு காலத்தில் இங்கிலீஷ் சோதனை இருந்தது. ஒன்றல்ல — இரண்டு. முதல் தடவை மற்ற எல்லாப் பாடமும் பாஸ், இங்கிலீஷில் மட்டும் பெயில். இங்கிலீஷ் இல்லாமல் கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. "இந்த முறையும் சரிவரல்லெண்டா என்னோட வட்டைக்கு வா மனே" என்றார் அப்பா. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாந்தமாகச் சொன்னார்.

அப்பா ஒரு போடியாருடைய, அதாவது நிலச்சொந்தக்காரருடைய, வயலில் முல்லைக்காரர். வேலையாட்களுக்குத் தலைவர். அந்த வயல் வவுணதீவுப் பக்கம். சோதனைக்கு நாலு நாள் இருக்கும்போதுதானா சூடு மிதிக்க வேண்டும்? கதிரை எருமைகளை விட்டு மிதித்து நெல் உதிர்க்கிற அந்த வேலைக்கு ஆள் போதவில்லை. களத்தில் எருமைகளைச் சுற்றி நடத்துகிற வேலை என் தலையில் விழுந்தது.

அப்போது வந்து கைகொடுத்தவன் சாமுவேல். என் வகுப்புத் தோழன், டவுன் பையன், மெதடிஸ்ட் குடும்பம். வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுவார்கள். வாவியைக் கடந்து லிஸ்ட்டோடு வந்து வைக்கோல் குவியலில் ஏறி உட்கார்ந்துகொண்டான். "மச்சான், நீ மாட்டோட சுத்து. நான் கேட்கிறன்" என்றான்.

அருமையான ஏற்பாடு! அவன் "ரிச்" என்பான், நான் "புவர்" என்பேன். எருமைகள் பாட்டுக்கு மிதித்தன. வேலையாட்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்ட வந்து, "என்ன தம்பி, நீ ஒண்டு சொல்றாய், இவன் ஒண்டு சொல்றான்?" என்று கேட்டார்.

சாமுவேல் வெள்ளையாகச் சொன்னான்: "ஃபுல் எண்டா நிறைஞ்சிருக்கு மாமா. எம்ப்டி எண்டா ஒண்டுமே இல்ல!"

களம் அப்படியே நின்றுபோயிற்று. எருமைகள் மட்டும் நடந்தன.

விஷயம் இதுதான். நெல் கிடக்கிற களத்தில் சில சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. 'இல்லை', 'போதும்', 'குறைவு', 'முடிந்தது' — மூச்சு! அங்கே 'பொலி', அதாவது பெருகு, அது ஒன்றுதான் பேச்சு. களத்தைச் சுற்றிப் பூதங்கள் காத்திருக்குமாம். கெட்ட சொல் காதில் விழுந்தால் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் இங்கிலீஷில் சொன்னாலும் அதுதான் இது என்று எனக்கு உறைக்கவேயில்லை. நான் பாடமாக்கிய லட்சணம் அப்படி! சத்தம் தெரியும், பொருள் தெரியாது. முதல் தடவை ஏன் பெயில் ஆனேன் என்று இப்போது விளங்குகிறதா?

அப்பாவுக்கு ஒரு சங்கடம். எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று சாமுவேலுக்கு விளக்குவதென்றால், அந்தச் சொல்லை அவரே சொல்ல வேண்டுமே! கையைப் பிடித்து வரம்புக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் விளக்கினார்.

சாமுவேல் திரும்பி வந்து, "ஆனா மாமா, பூதத்துக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றான்.

வேலையாட்களில் மூத்தவர் வேலாப்போடி அண்ணன் விடவில்லை. "வெள்ளைக்காரன் இவ்வளவு காலம் இஞ்ச கிடந்திட்டு இப்பதான் போயிரிக்கான். தெரியாமலா இரிக்கும்?"

நியாயமான கேள்வி.

அப்பா நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டும் அவருக்கு வேண்டும். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "நல்ல சொல்லைக் களத்துக்குள்ள சொல்லுங்க. மத்தச் சொல்லை வரம்புக்கு அங்கால ஓடிப்போய்ச் சொல்லு மனே."

அன்று நான் ஓடிய ஓட்டம்! சாமுவேல் "ஃபுல்" என்பான். நான் கயிற்றை வேலாப்போடி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, வரம்பைத் தாண்டி, "எம்ப்டி" என்று கத்திவிட்டு, திரும்ப ஓடிவருவேன்.

அடுத்த சிக்கல் — எது நல்ல சொல், எது கெட்ட சொல்? அதை யார் சொல்வது? ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லச் சொல்லி வேலையாட்கள் எல்லோரும் வழக்குப் பேசத் தொடங்கினார்கள். 'ஹெவி' உள்ளே, 'லைட்' வெளியே. நெல் பாரமாக இருக்க வேண்டாமா? 'பிகின்' உள்ளே, 'எண்ட்' வெளியே. 'வெட்' நல்ல சொல் என்று சாமுவேல் வாதாடினான், மழை நல்லதுதானே என்று. "சூடு மிதிக்கக்குள்ள மழையா? அவனையும் சேத்து வெளியே அனுப்புங்க!" என்றார் வேலாப்போடி அண்ணன். 'பிளாக்', 'வைட்' இரண்டுக்கும் உள்ளே இடம் கிடைத்தது. எருமை கறுப்பு, சோறு வெள்ளை. 'ஸ்லோ' என்ற சொல்லை மட்டும் எருமைகளுக்குக் கேட்காமல் சொல்லச் சொன்னார்கள்.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஆனால் பாருங்கள், பொருள் தெரியாமல் ஒரு சொல்லையும் அந்தக் களத்தில் நகர்த்த முடியவில்லை. வருஷம் முழுக்கத் தலையில் ஏறாத இங்கிலீஷ் ஒரே நாளில் கால் வழியாக ஏறிவிட்டது. அதைவிடச் சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை.

வெயில் சாய்கிற நேரம். லிஸ்ட்டில் கடைசிச் சொல்.

"சக்ஸெஸ்" என்றான் சாமுவேல்.

"அப்பிடியெண்டா?" என்றார் அப்பா.

"வெற்றி மாமா. இப்ப இவன் சோதினை பாஸ் பண்ணினா, அது சக்ஸெஸ்."

இதற்கு வழக்கே தேவைப்படவில்லை. எதிர்ச்சொல் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் கயிற்றைக் கொடுத்துவிட்டு வரம்பைப் பார்த்து ஓடினேன். பின்னாலேயே யாரோ ஓடிவருகிற சத்தம். அப்பா! வரம்புக்கு அந்தப் பக்கம் போய் நான் வாயைத் திறப்பதற்குள், வைக்கோல் தூசி படிந்த கையால் என் வாயைப் பொத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அதை இஞ்சயும் சொல்லாத மனே."

வட்டைக்கு வா என்று அவ்வளவு சாந்தமாகச் சொன்ன மனிதர். அவருக்குள்ளும் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சோதனையில் எதிர்ச்சொல் பத்துக் கேட்டிருந்தார்கள். அதில் 'சக்ஸெஸ்' வந்திருந்தது. விடை பேனா முனையில் நிற்கிறது...

எழுதவில்லை. ஒன்பதோடு எழும்பி வந்தேன். பாஸ்!