உடையாத ஏழு கிளிப்கள்

மழை தூறத் தொடங்கினால் யூஜினால் ஷெட்டுக்குள் நிற்க முடிவதில்லை. ஸ்பேனரைக் கீழே வைப்பார், கையைத் துடைப்பார், வாசல்வரை போவார், திரும்பி வருவார். பெங்களூர் பிரேசர் டவுனில் கோல்ஸ் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் முப்பது வருடமாகக் கார் பழுது பார்க்கிறவர், மூன்று நாளாக ஒரு வேலையும் ஓடாமல் தவித்தார். காரணம், சாமிநாதன் சாரின் வண்டி.

சாமிநாதன் பக்கத்துத் தெருக்காரர், ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அவருடைய கார் எப்போதும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கும். திங்கட்கிழமை பெய்த மழையில் நின்ற இடத்திலேயே வண்டிக்குள் தண்ணீர் இறங்கி, முன்சீட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த கன்ட்ரோல் பெட்டி செத்துப்போனது. வாரண்டி இன்னும் பாக்கி இருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே பானெட்டைத் திறந்து பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள்: வெளி மெக்கானிக் கை வைத்திருக்கிறான், வாரண்டி கிடையாது.

"அப்படித்தான் சொல்றாங்க யூஜின்," என்றார் சாமிநாதன், ஷெட்டின் தரையைப் பார்த்தபடி. "நான் ஒண்ணும் சொல்லல."

"வாயால சொல்லல சார். நீங்க தரையைப் பாக்குறதுலயே தெரியுது."

கை வைத்தது உண்மைதான். அந்த மாடலில் ஒரு கோளாறு உண்டு. முன்கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் வைப்பருக்குக் கீழே ஒரு தொட்டியில் விழுந்து, ரப்பர் குழாய் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். அந்தக் குழாயின் வாய் இறுக்கி மூடிய உதடு மாதிரி இருக்கும். தண்ணீர் போகும், இலை போகாது. நகத்தளவு இலைகள் சேறாகி வாயை அடைத்துக்கொள்ள, தொட்டி நிரம்பி, ஏசிக்குக் காற்று இழுக்கும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். போன வருடம் இதே வண்டியில் கார்ப்பெட் நனைந்தபோது, யூஜின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ரப்பர் உதட்டை பிளேடால் நறுக்கி வாயை அகலப்படுத்தினார். அதற்குப் பிறகு அதே மாடலில் இன்னும் பத்து வண்டிகளுக்கும் செய்தார். வண்டி எண், தேதி, நறுக்கிய நீளம் எல்லாம் நோட்டில் இருக்கிறது.

அந்த நறுக்கல்தான் தப்பா? செவ்வாய்க்கிழமை அந்தப் பத்தில் ஒரு வண்டி பிரேக் வேலைக்கு வந்தது. கண்ணாடியின் நடுவில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கடகடவென்று கீழே கொட்டியது. அப்படியானால் சாமிநாதன் வண்டிக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போனது? அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை இரண்டு முறை மூடி வைத்தார்.

யூஜின் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். அப்பா போன பிறகு ஷெட்டுக்கு வந்து, தங்கை சிந்தியாவை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். வொயிட்ஃபீல்டில் கார் பாகங்களை வடிவமைக்கும் ஆபீசில் அவளுக்கு வேலை. வண்டிச் சாவியை வாங்குவதற்கு முன்பே, "என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல கார் கதவு வரையுது" என்பது வருகிறவர் காதில் விழுந்துவிடும். புதன்கிழமை மத்தியானம் அவளுக்கே போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இந்த மாடல் உங்க ஆபீஸ்ல வரைஞ்சதா?"

"இல்லண்ணா, அது வேற கம்பெனி. பயப்படாத."

"எவன் வரைஞ்சிருந்தாலும் சரி. பெங்களூர்ல மரம் இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தண்ணிக்கு டெஸ்ட் வைப்பாங்க. இலைக்கு யாரும் வைக்க மாட்டாங்க." சிரித்தாள். பிறகு, "மூடியைக் கழட்டினியே, திரும்ப மாட்ட எந்தக் கிளிப் போட்ட?" என்றாள்.

"அதே கிளிப்தான். ஏழும் முழுசா எடுத்தேன். பெரிய ஒர்க்‌ஷாப்காரனுங்க நாலாவது உடைப்பானுங்க, என் கையில ஒண்ணுகூட உடைஞ்சதில்ல."

"ஐயோ!" என்றாள் சிந்தியா.

"என்னம்மா?"

"அண்ணா, அந்த மாதிரி கிளிப் ஒரு தடவைக்குத்தான். பாக்க முழுசா இருந்தாலும் உள்ள கொக்கி தளர்ந்துடும். மத்தவங்க உடைச்சுட்டுப் புதுசு போடுவாங்க. நீ உடைக்காததுதான் தப்பாப் போச்சு."

"அதை அதுமேல எழுதி வைக்க வேண்டியதுதானே?"

"மேனுவல்ல இருக்கும்."

"மேனுவல் யார் எனக்குக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல," என்றாள் சிந்தியா மெல்ல. "அதுவும் சரிதான்."

பிரேக் வேலைக்கு வந்த வண்டி இன்னும் ஷெட்டில்தான் நின்றது. மூடியின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார். ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பி வந்தது. எழும்பிய ஓரத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது தொட்டிக்குப் போகாமல் நேராகக் காற்றுத் துளைக்குள் போனது. சாமிநாதன் வண்டிக்குள்ளும் இதே வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

வியாழக்கிழமை சாமிநாதனின் ஸ்கூட்டரில் இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். வழியில் கிளிப் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று யூஜின் இரண்டு முறை வாயைத் திறந்தார். ஹாரன் சத்தத்தில் சாமிநாதன் "என்ன?" என்றதும் மூடிக்கொண்டார்.

கவுண்டரில் அருண்குமார் என்ற சர்வீஸ் அட்வைசர் நறுக்கிய ரப்பரைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். "இதை வெட்டினது நீங்கதானே? பார்ட்டை வெட்டினா கம்பெனி பொறுப்பில்ல சார். ஏனு மாட்லி?" என்று, நான் என்ன செய்ய என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்தார்.

யூஜின் உதிரிபாகம் விற்கும் ஸ்பேர் ஜன்னலுக்குப் போய் அதே ரப்பரில் புதிதாக ஒன்று வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். புதியதன் வாய் அகலமாக இருந்தது. அவர் நறுக்கியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

"நான் போன ஜூலையில வெட்டினேன். உங்க கம்பெனி எப்ப வெட்டுச்சு?"

அருண்குமார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "வாரண்டியில போட்டு அனுப்புறேன் சார். வந்துடும்."

சாமிநாதன் யூஜினின் தோளைத் தட்டினார். "தங்கச்சி மட்டுமில்ல, அண்ணனும் இன்ஜினியர்தான்!"

யூஜின் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், கண்ணாடிக் கதவுவரை போனார். அருண்குமார் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். யூஜின் கவுண்டருக்குத் திரும்பி வந்தார்.

"எழுதாதீங்க. ரப்பர் உங்க தப்பு. ஆனா இந்தத் தடவை தண்ணி போனது ரப்பரால இல்ல. மூடிக்குப் பழைய கிளிப் போட்டேன். அது என் தப்பு."

"சார்," அருண்குமார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், "இதை நான் கேக்கவே இல்லையே."

"கேக்கல. நான் சொல்றேன்."

கிளெய்ம் அங்கேயே நின்றுபோனது. வாசலுக்கு வந்ததும் சாமிநாதன் வெடித்தார். "உங்களுக்கு என்ன பைத்தியமா? பாஸாகுற பேப்பர்ல நீங்களே தப்புப் போட்டுட்டு வர்றீங்க! போறது என் வண்டி, ஞாபகம் இருக்கா?"

"பெட்டியை நான் போட்டுத் தர்றேன் சார். கார்ப்பெட்டையும் காயவச்சுத் தர்றேன்."

"அதுக்கில்ல. ரெண்டு நிமிஷம் பேசாம இருந்திருக்கலாமே!"

"இருந்திருப்பேன் சார். இன்னும் பத்து வண்டி அப்படியே நிக்குதே. ஷெட்ல இருக்குறதை விட்டாலும் ஒன்பது. அவங்ககிட்ட போய் என் தப்புன்னு சொல்லணும். இங்க மட்டும் கம்பெனி தப்புன்னு எழுதிட்டு வந்தா, அங்க எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

சாமிநாதன் ஹெல்மெட்டை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். வானம் சிவாஜிநகர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. யூஜின் மறுபடி ஸ்பேர் ஜன்னலுக்கு ஓடி, எழுபது கிளிப் கேட்டு, இருந்த நாற்பத்திரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஆறு வண்டிக்குத்தான் வரும்," என்றார் கணக்கு வாத்தியார், கோபம் ஆறாமலே. "எது மரத்தடியில நிக்குது?"

"நாலு நிக்குது சார்."

"அப்ப அந்த நாலு முதல்ல. ஏறுங்க."

முதல் துளி விழுந்தபோது ஸ்கூட்டர் சிக்னலில் நின்றிருந்தது. யூஜின் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சிவப்பு இன்னும் எத்தனை செகண்டு சார்?" என்றார்.