அக்காவின் இடது கண்

அக்காவின் இடது கண் பார்வை போனதற்குச் சீனி வருத்தம்தான், அதாவது நீரிழிவுதான், காரணம் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். பாதிக் காரணம் நான். அது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நான் கணிதம் படிப்பிப்பவன். சீனி வருத்தம் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு கணினி நிரலைச் சில வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தேன். மானிப்பாயில் நடந்த கண் முகாம் ஒன்றில், கைக்கமராவால் எடுத்த படங்கள் கிடைத்தன. எல்லாம் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருந்தன. அதை நீக்கப் பழைய வழி ஒன்று உண்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அயல் புள்ளிகளின் நிறப் பெறுமானங்களை வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை அந்த இடத்தில் போடுவது. அயலோடு ஒத்துப்போகாத புள்ளி காணாமல் போய்விடும். படங்கள் பளிச்சென்று வந்தன. எனக்கும் தலைக்கனம் ஏறியது.

அவற்றில் அக்காவின் படமும் இருந்தது. முகாமில் அவளைக் கிளினிக்குக்கு வரச்சொல்லித் துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் வைத்தியர் எழுதினால் மட்டும் போதாது. வீட்டில் படித்தவன் ஒருவன் பார்த்துத் தலையாட்ட வேண்டும். துண்டோடு என்னிடம் வந்தாள். நான் துப்புரவாக்கிய படத்தைத் திரையில் பெருப்பித்துக் காட்டி, ஒரு இரத்தப் பொட்டுக்கூட இல்லை, அலையத் தேவையில்லை என்றேன். அச்சுவேலியிலிருந்து இரண்டு பஸ் ஏறும் அலைச்சல் மிச்சம் என்று அவளுக்கும் நிம்மதி.

அடுத்த வருடம் ஒரு காலை, தைத்துக்கொண்டிருக்கும்போது இடது கண்ணுக்குள் கறுப்பு இறங்கியது. உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது, வரப் பிந்திவிட்டீர்கள் என்றார் வைத்தியர். அன்று பின்னேரமே நான் கைவைக்காத மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். ஏழெட்டு இரத்தப் பொட்டுகள், ஊசிமுனை அளவில். அழுக்கென்று நானே துடைத்திருக்கிறேன். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருப்பேன்.

நிரலைத் திருத்திவிட்டேன். அதனால் யாருக்கு என்ன?

உண்மையைச் சொல்லத்தான் அக்காவிடம் போனேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

“உனக்கே பிடிபடாதது வேறை ஆருக்குப் பிடிபடும்? நீ யோசிக்காதை.”

பிறகு, வலது கண்ணையும் காட்ட வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

“நீ ஒருக்காப் படத்தைப் பாத்துச் சொல்லு தம்பி. நீ வேண்டாம் எண்டால் நான் போகேல்லை.”

“கட்டாயம் போ அக்கா” என்றேன். படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன் என்று அவளுக்கு மனத்தாங்கல்.