துப்ப மறுத்த மாஸ்டரும் மருந்துக்கடை அக்காவும்

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். கடையை நடத்தும் அம்மாள் முறையாகப் படித்த மருந்தாளுநர். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். அதை யாரும் படிப்பதில்லை. எல்லாருக்கும் அவர் 'ஆ காட்டு அக்கா'.

பல்வலி மாத்திரை கேட்டு வருபவரிடம், "மாத்திரை வலியைத்தான் மறைக்கும், ஓட்டையை அடைக்காது. பல் டாக்டரைப் பாருங்க" என்பார். ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவரிடம் வாய் உலர்கிறதா என்று விசாரிப்பார். பிரஷ் மாற்றி எத்தனை மாதம் என்று கேட்டு, எதிராளி விழித்தால் புது பிரஷ் ஒன்றைப் பையில் போட்டுவிடுவார். இது வியாபாரத் தந்திரம் என்று அவருடைய கணவரே கிண்டல் செய்வார்.

"இவரோட பழைய பிரஷைப் பாத்திருந்தா, நான் ஏன் இப்படி ஆனேன்னு தெரியும்" என்பது அக்காவின் பதில்.

எதிரே உள்ள தொழிற்சாலை கேன்டீனின் மாஸ்டர் ஒரு காலையில் வந்து, நாக்குக்குச் சத்து மாத்திரை கேட்டார். அவர் சமையலில் சில நாட்களாக உப்பு கரித்தது. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"ஆ காட்டுங்க மாஸ்டர்."

காட்டினார். நாக்கு முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை.

"மூச்சிரைப்புக்கு இன்ஹேலர்ல மருந்து இழுக்கறீங்களே, அப்புறம் வாய் கொப்பளிக்கறீங்களா?"

"இல்லைக்கா."

"தரும்போதே படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"கொப்பளிச்சா துப்பணுமே. நான் இழுக்கறது அடுப்படியில. அங்க துப்பினான்னு ஒருத்தனை வேலையை விட்டே அனுப்பியிருக்கேன். நானே துப்பலாமா?"

"வெளிய குழாய் இருக்கே?"

"அடுப்பை விட்டு நான் நகர்றதில்லை."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். இழுத்த மருந்து வாயிலேயே தங்கியதால் பூஞ்சை படர்ந்திருக்கிறது, ருசி தெரியாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று விளக்கி, அப்போதே டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரும் அதையே சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார். அதை வாயில் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதை அக்கா செய்தே காட்டினார். கன்னத்தை உப்பிக்கொண்டு அவர் நின்றபோது கடைக்கு வந்த ஒருவர் பயந்து திரும்பிப் போய்விட்டாராம்.

நாக்கு தேறும்வரை சமையலை யார் ருசி பார்ப்பது? கையாட்களைக் கேட்டால் பயத்தில் எல்லாமே பிரமாதம் என்பார்கள். மாஸ்டர் அக்காவையே கெஞ்சினார். அக்காவும் தினமும் மதியத்துக்கு முன் கேன்டீனுக்குப் போய், கரண்டியில் ஊற்றிக் குடித்து, மருந்துச் சீட்டைப் படிக்கும் முகத்தோடு, "உப்பைக் குறைங்க" என்று உத்தரவிட்டார். மாஸ்டர் குறைத்தார். மறுநாள் இன்னும் குறைத்தார்.

அதற்கடுத்த நாள் மேனேஜர் தட்டும் கையுமாக அடுப்படிக்கு வந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், உப்பில்லாம பத்தியச் சாப்பாடு போட இங்க யாருக்காவது ஆபரேஷன் ஆகியிருக்கா?"

வேலை போய்விட்டதென்று மாஸ்டர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

கரண்டியோடு நின்ற அக்கா குறுக்கே வந்தார். "அவர் மேல தப்பில்லை சார். அவர் நாக்கு வைத்தியத்துல இருக்கு. இது என் நாக்கு."

"உங்களுக்கு இது நல்லா இருந்துச்சா?"

அக்காவுக்குப் பொய் வராது. "உப்பு கொஞ்சம் தூக்கல்தான்."

மேனேஜர் முறைக்கப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்காக அக்கா வீட்டில் பல வருடமாகவே உப்பு அரைகுறைதான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நாக்கு குணமாகும்வரை தானே ருசி பார்ப்பதாகச் சொல்லி, துண்டை எடுத்து மாஸ்டரிடமே கொடுத்தார் மேனேஜர். அக்கா மட்டும் அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது என்றார்.

மாஸ்டர் இப்போது மருந்து இழுத்ததும் ஒரு கையாளை அடுப்பருகே நிறுத்திவிட்டு, வெளியே குழாயடிக்குப் போய்க் கொப்பளித்துத் துப்புகிறார். நாக்கு வெளுப்பு நீங்கியதும் நன்றி சொல்லக் கடைக்கு வந்தவர், அக்காவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். வெகுநேரம் மென்றார்.

"அக்கா, நாளையிலருந்து உங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு நான் அனுப்பறேன்."

"உப்பு குறைச்சலாத்தான் இருக்கணும்."

"உப்பைக் குறைக்கறேன். ருசியை என்னால குறைக்க முடியாது."

"அது ஏன் நாளைக்கு?" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து அக்காவின் கணவர் குரல் வந்தது. "இன்னைக்கே அனுப்பலாமே."