பெரிதாக்கிய பிளான்

போன ஞாயிறு சான்பாடா போயிருந்தேன், எஸ்தரைப் பார்க்க. தாராவியில் தகரப் பட்டறை வைத்திருந்த என் நண்பர் சாமுவேலின் மனைவி. பக்கவாதம் வந்ததிலிருந்து வீல்சேர்தான். எஸ்தர் இப்போது சான்பாடாவில், மகள் வீட்டில். சாமுவேல் செம்பூரில், புது ஃப்ளாட்டில் தனியாக. இந்த வயதில் ஏன் ஆளுக்கொரு பக்கம்?

என்னால்.

செம்பூர் கட்டடம் பாதி எழும்பியிருந்தபோதே சாமுவேல் பிளானோடு மாட்டுங்காவுக்கு என் வீட்டுக்கு வந்தார். "பில்டர் எல்லாத்துக்கும் 'ஹோ ஜாயேகா', ஆயிரும் ஆயிரும்ங்கான் சார். பாத்ரூம் வாசல்ல இவ சேர் போவுமா? நீங்க போவும்னா வாங்குதேன். இல்லன்னா வேண்டாம்."

சேரின் அகலம் இருபத்தாறு அங்குலம்.

நான் டிராயிங் ஆபீஸிலேயே தலை நரைத்தவன். பிளானில் அந்த வாசலின் அளவு எழுதியிருக்கவில்லை. ஓரத்தில் 'ஒன்றுக்கு ஐம்பது' என்று மட்டும் இருந்தது - தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் வீட்டில் ஐம்பது. கோடுகள் பொடிப்பொடியாக இருந்தன. என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கிங்ஸ் சர்க்கிள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினேன். அதன் மேல் ஸ்கேலை வைத்தேன். ஐம்பதால் பெருக்கினேன். முப்பத்துநாலு அங்குலம்!

"தாராளமா போகும். வாங்குங்க" என்றேன்.

நான் செய்தது புரிகிறதா? தாளைப் பெரிதாக்கினால் கோடும் பெரிதாகும். ஓரத்தில் அச்சடித்த ஐம்பது மட்டும் ஐம்பதாகவே இருக்கும். பக்கத்துப் படுக்கையறை பத்தடி என்று எழுதியே இருந்தது. அதை ஒருமுறை அளந்திருந்தால் பதினாலு வந்திருக்கும்; அங்கேயே உறைத்திருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்கிற விஷயம் இது...

குடிபோன அன்று சேர் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. இருபத்துநாலு அங்குலம். இடித்து அகலமாக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், தொடக்கூடாது என்றுவிட்டார்கள். சாமுவேல் மனைவியைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். ஒரு நாள் இருவரும் விழுந்தார்கள். மகள் வந்து அம்மாவை அழைத்துப் போய்விட்டாள்.

சாமுவேல் போனில் கொதித்தார். "பிளான்ல ஒண்ணு, கட்டுனது ஒண்ணு. சோர் சாலா, திருட்டுப்பய! நம்ம சார் அளந்தது தப்பாவுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அவர் பில்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்று கத்துகிறார். வாட்ச்மேன் பிடித்துத் தள்ளுகிறான்.

ஞாயிறன்று எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாந்தான் தின்னு தின்னு பெருத்துட்டேனோன்னுல்லா நெனச்சேன், அண்ணாச்சி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அவுககிட்ட சொல்லிராதிய. அங்க பேச்சுத்தொணைக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கிய."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த மனிதர், என் தப்புக்கு இன்னொருவனைத் திட்டி, தினமும் தள்ளு வாங்கிக்கொண்டு நிற்கிறாரே?

பேப்பர் வந்ததும் சாமுவேல் முதலில் படிப்பது வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத்தான்.